மூன்று பேர் ஏறினார்கள், ஒருவர் நின்றார்

என் வீட்டுக்காரரை ஆலையில் எல்லோரும் கயிறு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஆள் ஒல்லி, நெட்டை, அதனால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பொருத்தம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் வந்தது நிஜமான கயிற்றால்தான்.

அது தகர டப்பா செய்கிற ஆலை. பெரிய பெரிய பிரஸ் மெஷின்கள் தகட்டை அடித்து மூடி வெட்டும். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் காதோடு வாயை ஒட்டவைத்துக் கத்த வேண்டும். இவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே பிரஸ் ஓட்டினார். ஆலைக்குச் சொந்தமாகக் கால்பந்து அணி ஒன்று உண்டு. அதில் இவர் பின்வரிசை. மைதானத்தை ஒட்டிய கொட்டகையில் அணிக்காரர்களின் சட்டை, கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் துவைத்துத் தைத்துக் கொடுப்பது என் வேலை. ஆலைக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. எங்கள் சோறு, கூரை, சண்டை எல்லாமே அந்த ஆலை போட்டதுதான்.

எனக்குப் பந்து விளையாட்டு ஆரம்பத்தில் சுத்தமாகப் பிடிக்காது. வளர்ந்த தடிமாடுகள் ஒரு பந்துக்காகச் சேற்றில் புரளுகின்றனவே என்று தலையில் அடித்துக்கொள்வேன். அவர்களுக்கென்ன, கசக்கிப் பிழிகிறவள் நான். ஆனால் துவைக்கத் துவைக்க ஒன்று புரிந்தது. சட்டையைப் பார்த்தே யார் என்ன ஆடினான் என்று சொல்லிவிடலாம். முன்னால் ஆடுகிறவனுக்கு முட்டியில் சேறு, கோல் காக்கிற கோலிக்கு விலாவில் சேறு. என் வீட்டுக்காரர் சட்டையில் மட்டும் வியர்வையைத் தவிர ஒன்றும் இருக்காது.

"என்னங்க, நீங்க ஆடப் போறீங்களா, வேடிக்கை பார்க்கப் போறீங்களா? சட்டைல ஒரு பொட்டு மண்ணு இல்ல."

"பின்னால ஆடுறவன் விழுந்து புரண்டா, அவன் தப்பான இடத்துல நின்னான்னு அர்த்தம். சரியான இடத்துல நின்னா விழுற வேலையே இல்ல."

"வாய் மட்டும் இல்லன்னா உங்கள நாய் தூக்கிட்டுப் போயிரும்," என்றேன். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். பிறகு ஒரு ஆட்டத்தையும் விடவில்லை.

அவர்கள் நிற்பது நாலு, நாலு, ரெண்டு. பின்னால் நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் ரெண்டு பேர்; கோலி தனி. புதிதாகப் பார்க்கிறவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். பந்தைப் பார்த்தால் ஒரு மண்ணும் புரியாது. பின்னால் நிற்கிற நாலு பேரைப் பார்க்க வேண்டும். பந்து இடப்பக்கம் போனால் நாலு பேரும் இடப்பக்கம் நகர்வார்கள். நம் முன்வரிசை எதிராளியைத் துரத்திக்கொண்டு போனால் இவர்களும் பின்னாலேயே ஏறியாக வேண்டும். ஏறாமல் கோல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றால் நடுவில் சந்தை போடுகிற அளவுக்கு இடம் காலியாகும். எதிராளி அதில் பாய் விரித்துப் படுப்பான்.

ஏறுவதில் இன்னொரு லாபம் ஆஃப்சைடு. எதிரணிக்காரன் தன் ஆளுக்குப் பந்தைத் தட்டிவிடுகிற அந்த நொடியில், அந்த ஆள் நம் பின்வரிசையில் கடைசியாக நிற்பவனையும் தாண்டி நம் கோல் பக்கம் நின்றால் செல்லாது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிடுவார். ஆகவே எதிராளி பந்தை உதைக்கத் தலையைக் குனிகிற சமயம் பார்த்து, நாலு பேரும் ஒன்றாக இரண்டு எட்டு முன்னால் வைத்தால் போதும். பின்னால் நிற்கிற எதிரணி ஃபார்வர்டு நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்வான். ஆனால் நாலில் ஒருவன் நின்றுவிட்டால் அவன்தான் கடைசி ஆள், அவனை வைத்துத்தான் கணக்கு. மூன்று பேர் ஏறியது வீண். வீண் மட்டுமா, மூன்று பேரும் சேர்ந்து வழிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

ஒன்றாக ஏறுவதற்கு ஒரு குரல் வேண்டும். "ஏறு!" என்று நடுவிலிருந்து ஒருவன் கத்துவான். அது இவர் குரல். பயிற்சியின்போது தகட்டுக் கட்டு இழுக்கிற கயிற்றைக் கொண்டுவந்து நாலு பேர் இடுப்பையும் ஒன்றாகக் கட்டி மைதானம் முழுக்க ஏற்றி இறக்குவார். ஒருவன் பிந்தினால் நாலு பேரும் குப்புற விழுவார்கள். அப்படி வந்ததுதான் கயிறு என்ற பெயர். அந்த நாட்களில் வருகிற துணியைப் பார்த்து நான் கயிற்றையும் திட்டுவேன், கட்டியவரையும் திட்டுவேன்.

காது எப்போது போனது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிரஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. ஒரு நாள் நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். குக்கர் விசில் அடிக்கிறது, அடிக்கிறது, தெருவே திரும்பிப் பார்க்கிறது. நான் ஓடி வந்தால் வீடெல்லாம் தீய்ந்த நாற்றம், இவர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்று முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினேன். திரும்பவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். தோளைத் தொட்டதும்தான் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாத," என்றார். வாயில் வந்த முதல் வார்த்தையே அதுதான்.

காரணம் இருந்தது. காது கேட்காதவனை ஆலைக்குள் விடமாட்டார்கள். சரக்கு வண்டியின் ஹாரன் கேட்காது, நிறுத்து மணி கேட்காது, கை போகும், உயிர் போகும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் காதைத் தின்றவனே காது இல்லாதவனை வெளியே போ என்பது எந்த ஊர் நியாயம்? இவருக்கு முன்னால் இரண்டு பேருக்கு இப்படி ஆகி, 'தகுதி இல்லை' என்று ஒற்றை வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் குடியிருப்பு போகும், அவரை ஒட்டி எனக்குக் கிடைத்த துவைக்கிற வேலையும் போகும். எங்களுக்குத் திரும்பிப் போக இன்னொரு வாசல் கிடையாது.

மைதானத்தில் அவர் சமாளித்துக்கொண்டார். கத்துகிறவருக்குக் காது எதற்கு? அவர் கத்தினார், மற்றவர்கள் ஏறினார்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கவும் பழகிக்கொண்டார். நான் அவர் முகத்துக்கு நேரே நின்று பேசப் பழகினேன். திட்டுவதற்கும் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது, அதுதான் பெரிய தொல்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அணியை முன்னேற்ற ஒரு புதுக் கோச்சைக் கொண்டுவந்தார்கள். அவர் நல்ல மனிதர்தான், வேலை தெரிந்தவர்தான். வந்ததும் இவரை நடுவிலிருந்து எடுத்து இடது ஓரத்தில் போட்டார். வயசாகிவிட்டது, நடுவில் வேகம் பத்தவில்லை என்றார். கத்துகிற வேலை பெயிண்டருக்குப் போனது. டப்பாவுக்கு வர்ணம் அடிக்கிற பிரிவில் தற்காலிகமாக வேலை பார்த்த வாலிபன் அவன். காட்டுத்தனமான வேகம், நல்ல குரல். இவர் கயிற்றில் பழகியவன்தான்; 'அண்ணே அண்ணே' என்று இவர் காலையே சுற்றுவான். என்னை 'அண்ணி' என்பான், துணியை எடுத்துப் போகும்போது ஒரு வாளி தண்ணீர் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போவான்.

ஓரத்தில் நிற்கிறவன் பாடு வேறு. அவன் ஒரு கண்ணைப் பந்தின் மேலும் ஒரு கண்ணைத் தன் பக்கம் ஓரமாக ஓடி வருகிற எதிரணி விங்கர் மேலும் வைத்துவிட்டு, வரிசையைக் காதால்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இவருக்கு அந்தக் காதுதான் இல்லையே. நொடிக்கொரு தரம் நடுவில் நிற்கிற பெயிண்டரைத் திரும்பிப் பார்ப்பார். அந்த இடைவெளியில் விங்கர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான்.

"யோவ் கயிறு, பந்தப் பாருய்யா! சும்மா சும்மா பக்கத்து வீட்ட எட்டிப் பார்த்துக்கிட்டு!" என்று கோச் ஓரத்தில் நின்று கத்துவார். மைதானமே சிரிக்கும். அவருக்கு அதுவும் கேட்காது.

பெயிண்டரின் சட்டையில் இடது கைப்பட்டி மட்டும் தொளதொளவென்று இழுபட்டு வரும். ஒரு நாள் அதை இறுக்கித் தைக்க உட்கார்ந்தபோது இவர் ஊசியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அத அப்படியே விடு. கத்துறதுக்கு முன்னாடி அவன் அந்தக் கைய இழுத்து விட்டுக்குவான். அதப் பார்த்துத்தான் நான் ஏறுறேன்."

நான் தைக்கவில்லை. அந்தத் தொங்கிப்போன கைப்பட்டியில் எங்கள் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் துவைக்கும்போதுகூட அதைப் பார்த்துத்தான் கசக்குவேன்.

கோப்பையின் கடைசி ஆட்டம் துறைமுக அணியோடு. நெடுநேரம் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. முடியப்போகிற சமயத்தில் பெயிண்டர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தான். தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் இடத்துக்கு ஸ்டோரில் வேலை பார்க்கிறவர் வந்தார். அவருக்கு அனுபவம் பத்தாது என்பதால், பின்வரிசையில் அவருக்கு வலப்பக்கம் நின்ற ஆலை லாரி டிரைவர், "இனிமே நான் கூப்பிடுறேன்!" என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மற்றவர்கள் ஆட்டுவதைப் பார்த்து இவரும் ஆட்டினார். பார்வையாளர் வரிசையில் நான் எழுந்து நின்றுவிட்டேன். கத்தியிருப்பேன். கத்தி என்ன பிரயோசனம், யாருக்குக் கேட்க?

துறைமுகத்துக்காரன் நடுவில் பந்தோடு தலையைக் குனிந்தான். டிரைவர் கத்தினார். மூன்று பேர் ஏறினார்கள். இவர் ஸ்டோர்காரரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாவி மனுஷன். அந்தக் கையில் ஒன்றும் நடக்கவில்லை. ஏறிய மூன்று பேரும் ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், கொடி எழவே இல்லை, அவர்களுடைய ஃபார்வர்டு தனி ஆளாக நடந்துபோய்ப் பந்தைக் கோலுக்குள் வைத்துவிட்டு வந்தான்.

"வித்துட்டான்டா! கயிறு வித்துட்டான்!" என்று எனக்குப் பின்னால் ஒருவன் கத்தினான். முப்பது குரல் சேர்ந்துகொண்டது. இவர் முகங்களை மட்டும் பார்த்தபடி வெளியே வந்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று வழியில் கேட்டார்.

"நீங்க ஆட்டத்த வித்துட்டீங்கன்னு சொல்றாங்க," என்றேன்.

தெருவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுப்பிக் கூட்டி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கேண்டீனில் அவர் தட்டோடு உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சு காலியாகும். எங்கள் கதவில் கரியால் 'என்ன விலை?' என்று எழுதினார்கள். நான் தேய்த்துக் கழுவினேன், மறுபடி எழுதினார்கள். குழாயடியில் ஒருத்தி, "துறைமுகத்துல என்ன குடுத்தாங்க?" என்று கேட்டாள். குடத்தை அவள் காலில் போட்டுவிட்டு வந்தேன்.

"சொல்லித் தொலைங்க. காது கேக்கலைன்னு ஒரு வார்த்த சொன்னா இந்த அசிங்கம் முடிஞ்சுது," என்றேன்.

"யோசிச்சுப் பேசு. வித்தவன்னு பேரு வந்தா அணிய விட்டுத்தான் தூக்குவான். செவிடன்னு தெரிஞ்சா வேலைய விட்டே தூக்குவான். பேரு போனா போகட்டும், இந்த வீடு போனா எங்க போய் நிப்போம்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மானமா கூரையா என்றால் கூரை என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் தேய்த்தேன்.

அதோடு போயிருந்தால் தேவலை. மேனேஜர் விசாரணை வைத்தார். பெயிண்டரின் முட்டியில் வீக்கமே இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் விழுந்து வெளியே போனான், ஒருவன் நின்றான், இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நிரந்தர ஆள், சங்கம் இருக்கிறது. அவரை அணியை விட்டு எடுப்பதோடு சரி. பெயிண்டர் தற்காலிக ஆள். விசாரணை முடிந்த அன்றே அவனுக்கு வேலை இல்லை.

அவன் பெண்டாட்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நிறைமாசம். "அண்ணே, அவர் ஒரு தப்பும் பண்ணலைண்ணே," என்று அழுதாள். அழுகைக்குக் காது வேண்டாமே, இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் போன பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"வேண்டாம். நீங்க நினைக்கிறது எனக்குத் தெரியும். வேண்டாம்."

"அவன் என் கண்ணு முன்னாடிதான் விழுந்தான். நான் நின்னதுக்கு அவன் ஏன் சாகணும்?"

"நம்ம சாகலாமா? நாளைக்கு நடுத்தெருவுல நின்னா அவனா வந்து சோறு போடுவான்? தியாகின்னு பட்டம் குடுப்பாங்க, அத வச்சு நாக்குதான் வழிக்கணும்!"

"சோத்துக்கு ஏதாவது பண்ணிக்கலாம். இத வச்சுக்கிட்டு என்னால சாப்பிட முடியாது," என்றார். பிறகு, "நாளைக்கு நீயும் என் கூட வா," என்றார்.

மேனேஜர் அறையில் கோச் இருந்தார், சங்கத்துக்காரர் இருந்தார். ஒரு மூலையில் பெயிண்டர் காலைச் சாய்த்துக்கொண்டு நின்றான். மேனேஜர் என்னைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இவங்க எதுக்கு வந்திருக்காங்க?"

நான் இவர் முகத்துக்கு நேரே திரும்பி, "நான் எதுக்கு வந்திருக்கேன்னு கேக்குறார்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"அவதான் என் காதுங்க," என்றார் அவர். "எனக்குக் கேக்காது. ரொம்ப நாளா கேக்காது. அன்னைக்கு டிரைவர் கூப்பிட்டது எனக்குக் கேக்கல. அதான் நின்னேன். இந்தப் பையனுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

பிறகு கோச் எழுந்து, இவருக்குப் பின்னால் போய் நின்று, மேசை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைத் தரையில் போட்டார். எங்கள் எல்லோருக்கும் உடம்பு அதிர்ந்தது. இவர் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோச் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

பேர் சுத்தமானது, அதில் குறையில்லை. அணிக்காரர்கள் வரிசையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். கதவில் எழுதியவனே வந்து கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்துக் கொடுத்தான். அந்த வாரமே ஆலை வைத்திய அறையில் இவரை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். 'தகுதி இல்லை' என்று வந்துவிட்டது. மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். கோச் மேலே போய் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. இவர் பெயரைச் சொல்லி ஒரே ஒரு காரியம் நடந்தது. வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று பெயிண்டரை நிரந்தரமாக்கினார்கள்.

எனக்குக் கோபம் ஆறவே இல்லை. மூட்டை கட்டும்போதெல்லாம் அவர் முகத்துக்கு நேரே போய் நின்று திட்டினேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு அறை பிடித்திருந்தோம், ஜன்னல் கிடையாது. லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. அவருக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. திட்டி முடித்தால், "அந்தப் பையன் குடும்பம் பொழச்சுதுல்ல," என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் கொஞ்சம் தெளியும். அதைப் பார்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன்.

காலி செய்கிற அன்று பெயிண்டரும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். எங்கள் வீட்டை அவர்களுக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். நிரந்தர ஆள் ஆகிவிட்டானே. அவள் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, கூச்சப்பட்டுக்கொண்டே பின்பக்கம் போய்க் குளியலறையைப் பார்த்தாள். நான் சமையல் மேடையில் மிச்சப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். முன் அறையில் இவர் குனிந்து படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். பெயிண்டர் அவருக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அண்ணே, முட்டில எனக்கு ஒண்ணும் ஆகலண்ணே. துறைமுகத்துல நிரந்தர வேலை தர்றேன்னு சொன்னாங்க. உங்களுக்குக் கேக்காதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். நான் வெளிய போயிட்டா நீங்க நின்னுடுவீங்கன்னு தெரிஞ்சுதான் விழுந்தேன். ஜெயிச்சதும் அவனுங்க கைய விரிச்சுட்டாங்க. நீங்க வந்து இப்படிச் சொல்லுவீங்கன்னு நான் நினைக்கலண்ணே."

என் கையிலிருந்த பாத்திரத்தை அவன் மண்டையில் போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன். நிலைப்படியில் வந்து நின்ற என்னை அப்போதுதான் பார்த்தான். முகம் வெளிறிப்போனது. பின்பக்கத்திலிருந்து அவள், "அண்ணி, இந்தக் குழாய்ல தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

இவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். பெயிண்டரின் கன்னம் நனைந்திருப்பதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னவாம்? ஏன் அழுவுறான்?"

அவர் முகம் தெளிவாக இருந்தது. வேலை போய், வீடு போய், காது போய், அந்த மனிதரிடம் மிச்சம் இருந்தது அந்தத் தெளிவு ஒன்றுதான். அதையும் நான் பிடுங்க வேண்டுமா? அவர் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

"தண்ணி எப்ப வரும்னு கேக்குறாங்க," என்றேன்.

"அட, இதுக்கா அழுவுறான்?" என்று அவர் சிரித்து, பெயிண்டரின் தோளைத் தட்டினார். காது போன பிறகு வந்த அந்தப் பெரிய குரலில், பின்பக்கத்தில் இருப்பவளுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"காலைல விடிஞ்சதும் வரும்ப்பா. மொத வாளி துருவா வரும், அதக் கொட்டிட்டு அப்புறம் பிடிங்க."